வால் மெலிந்த வாயில்லாப் பிராணி

பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் குடியேறி வாழும் எமது உறவினர் வீடுகளில் பிள்ளைகள் வளர்க்க ஆசைப்படுவது பூனையையும் கிளியையும் மட்டுமல்ல. பள்ளித் தோழர்களின் வீடுகளில் காணும் புதுப் புதுப் பிராணிகளையும் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று 'லெபர்ட் கெக்கோ' எனப்படும் சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட, சாதுவான பிராணி. "பல்லியையா வளர்க்கிறீர்கள்?" என்று இங்குள்ள உம்மும்மாமார் தொலைபேசியிலேயே முகம் சுளிப்பார்கள்.

அதை வாங்கலாமா, கூடாதா என்பது வாங்குவதற்கு முன்னர் உலமாக்களிடம் கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்வி. ஆனால், கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்து வைத்த பின்னர் அந்தப் பிராணிக்குத் தானாக இரை தேட வழியில்லை. பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், வெளியே சென்று தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை எமது பெண்கள் நன்கு அறிவார்கள். அடைத்து வைத்தவர் பசிக்குப் பொறுப்பாளி. வளர்ப்புப் பிராணி என்பது பெரும்பாலும் பிள்ளையின் ஆசையாகத் தொடங்கி உம்மாவின் வேலையாக முடிகிறது. ஆகவேதான், மெலிந்துபோன சிறுத்தைப் பல்லியொன்றை எவ்வாறு தேற்றுவது என்பதைத் தாய்மாருக்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாலே அதன் களஞ்சியம்

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட கற்பாங்கான நிலங்களே இதன் தாயகம். எட்வர்ட் பிளைத் என்னும் விலங்கியலாளர் 1854ஆம் ஆண்டில் இதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். எமது வீட்டுச் சுவர்ப் பல்லிக்கும் இதற்கும் வேறுபாடுகள் உண்டு. இதற்குக் கண்ணிமைகள் இருக்கின்றன. விரல்களில் ஒட்டும் தன்மை இல்லாததால் கண்ணாடியில் ஏற முடியாது. வளர்ந்த பல்லி 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீளமும், பெரும்பாலும் 45 முதல் 80 கிராம் வரை நிறையும் இருக்கும். நன்கு பராமரித்தால் 15 முதல் 20 வருடங்கள் வரை வாழும்.

இரை கிடைக்காத காலத்துக்கென இது கொழுப்பை வாலிலே சேமித்து வைக்கிறது. சுகமாக உள்ள பல்லியின் வால் தடித்து, கழுத்தின் அகலத்துக்குக் குறையாமல் இருக்கும். வால் ஒடுங்கி, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்தி நின்றால் களஞ்சியம் வெறுமையாகிவிட்டது என்று பொருள். ஆபத்து வந்தால் இது வாலைக் கழற்றிவிடவும் கூடும். புதிய வால் முளைக்கும் வரை அப்பல்லிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

மெலிந்த பிராணியைக் கண்டதும் தாய் மனம் உணவைத்தான் தேடும். ஆனால் மெலிவு என்பது நோயல்ல, நோயின் அடையாளம். தொட்டியில் சூடு போதாமை, தண்ணீர்க் குறைவு, குடற்புழுக்கள், மணலை விழுங்கியதால் ஏற்பட்ட குடலடைப்பு, கல்சியக் குறைவால் தாடையும் எலும்பும் மென்மையடைதல், ஒரே தொட்டியிலுள்ள மற்றொரு பல்லியின் தொல்லை எனக் காரணங்கள் பல. பெண் பல்லியாயின் முட்டைகள் வெளிவராமல் தங்கியிருக்கலாம். முட்டையிட்ட களைப்பும் மெலிவுக்குக் காரணமாகலாம். பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகள் இடும். முட்டை ஓட்டுக்கான கல்சியம் போதாவிட்டால் அது தாயின் எலும்பிலிருந்தே எடுக்கப்படுகிறது.

'கிரிப்டோஸ்போரிடியம்' என்னும் நுண்ணுயிர் குடலைத் தாக்கினால், உண்டது உடம்பில் ஒட்டாமல் வால் குச்சிபோல் ஆகிவிடும். இதற்கு நிச்சயமான மருந்து இல்லை. ஏனைய பல்லிகளுக்கும் மலத்தின் மூலம் தொற்றும். எனவே, நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஊர்வனவற்றில் பழக்கமுள்ள மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். போகும்போது புதிய மலத்தைச் சிறு போத்தலில் எடுத்துச் சென்றால் பரிசோதனைக்கு உதவும். வீட்டில் வேறு பல்லிகள் இருந்தால் நோயாளியைத் தனியாக வைத்து, அதன் பாத்திரங்களையும் தனியாகப் பாவியுங்கள்.

இனப்பெருக்கக் காலத்தில் சில பல்லிகள் சில வாரங்கள் இரையில் நாட்டமின்றி இருப்பதுண்டு. நிறை குறையாதவரை அதற்காகப் பதற வேண்டியதில்லை.

சூடு, நீர், அதன் பின்னரே உணவு

எமது உடம்பைப் போலப் பல்லியின் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. அது சுற்றுப்புறத்திலிருந்தே சூட்டைப் பெறுகிறது. வயிறு குளிர்ந்திருந்தால் உண்டது சமிக்காமல் உள்ளேயே கெட்டுவிடும். ஆகவே உணவுக்கு முன்னர் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். தொட்டியின் ஒரு பக்கத்துத் தரை ஏறத்தாழ 32 பாகை செல்சியசாகவும், மறுபக்கம் 25 பாகையளவிலும் இருப்பது நல்லது. பல்லி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிந்துகொள்ளும். கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடாமல் வெப்பமானி வைத்து அளவிடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் 'தேமோஸ்டட்' கருவி இல்லாத சூடாக்கியும், கடைகளில் விற்கும் சூடேறும் செயற்கைக் கல்லும் வயிற்றைச் சுட்டுவிடக் கூடும். இரு பக்கத்திலும் ஒளிந்திருக்க மறைவிடம் வையுங்கள். இன்னொரு மறைவிடத்தில் ஈரமான கடதாசியிட்டால் தோல் உரிவதற்கு வசதியாக இருக்கும். நோயுற்ற பல்லியின் தொட்டியில் மணல் வேண்டாம். சமையலறைக் கடதாசி விரித்தால் போதும். மலத்தைப் பார்த்து நிலைமையை அறியவும் அது உதவும்.

அடுத்தது நீர். கண்கள் குழிவிழுந்து, வாய் எச்சில் பிசுபிசுத்து, தோல் சுருங்கியிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. ஆழமில்லாத தட்டில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். இளஞ்சூடான நீரில், வயிறு மட்டும் நனையும்படி, பத்து நிமிடம் நிற்கவிடலாம். தலை நீரில் அமிழாதபடி பக்கத்திலேயே இருங்கள். மிகவும் சோர்ந்த பல்லிக்கு வைத்தியர் ஊசி மூலம் நீரேற்றுவார்.

சிறிது சிறிதாக ஊட்டுங்கள்

பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரெனப் பெருந்தீனி போடுவது ஆபத்தானது. இரத்தத்திலுள்ள தாதுக்களின் சமநிலை குலைந்து, தேறி வருவதுபோல் தோன்றிய பிராணி திடீரென இறந்துவிடவும் கூடும். முதல் நாட்களில் ஓரிரு சிறு பூச்சிகள் போதும். அவை சமித்து மலம் ஒழுங்காகப் போவதைக் கண்ட பின்னர் மெதுவாகக் கூட்டுங்கள்.

சிறுத்தைப் பல்லி பூச்சியுண்ணி. சோறு, பாண், பழம், இலை எதுவும் அதற்கு உணவல்ல. சில்வண்டு, மாப்புழு, உணவுக்கென வளர்க்கப்படும் கரப்பான் என்பவற்றை உயிருடன் கொடுக்க வேண்டும். பூச்சியின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சக் கூடாது. கொடுப்பதற்கு முதல் நாள் அந்தப் பூச்சிகளுக்குக் கரட், கீரை போன்றவற்றைத் தின்னக் கொடுங்கள். பூச்சியின் வயிற்றிலுள்ள சத்தே பல்லியைச் சேரும். வைத்தியர் சொல்லும் அளவில் கல்சியம், விற்றமின் டீ3 தூளையும் பூச்சியின் மேல் தூவுங்கள். வீட்டில் திரியும் கரப்பானைப் பிடித்துக் கொடுக்க வேண்டாம். அது பூச்சிமருந்து தின்றதாக இருக்கலாம்.

மெழுகுப்புழுவில் கொழுப்பு அதிகம். விரைவாகத் தேற்றலாம் என்று எண்ணிச் சிலர் அதையே கொடுக்கிறார்கள். அதன் ருசியில் பழகிய பல்லி வேறெதையும் தொடாது. ஈரலிலும் கொழுப்புப் படியும். வாரத்துக்கு ஓரிரண்டு போதுமானது. அந்தி மயங்கும் நேரமே இது இரை தேடும் நேரம் என்பதால், அப்போது கொடுங்கள். எஞ்சிய சில்வண்டுகளை இரவில் உள்ளே விட்டுவைத்தால் அவை சோர்ந்த பல்லியைக் கடிக்கும். வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊட்ட முற்பட வேண்டாம். மென்மையான தாடை முறிந்துவிடலாம். அவசியமாயின் எப்படி ஊட்டுவதென்று வைத்தியரே காட்டித் தருவார்.

தராசும் கொப்பியும்

நாளாந்தம் பார்க்கும் கண்ணுக்குத் தேய்வும் தெரியாது, வளர்ச்சியும் தெரியாது. ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசை இதற்கெனத் தனியாக வாங்குங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், இரை கொடுக்க முன்னர் நிறுத்து, திகதி, நிறை, தின்ற பூச்சிகளின் எண்ணிக்கை, மலம் போன விதம் என்பவற்றைக் கொப்பியில் குறித்துவைக்க வேண்டும். இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைப்பது சிறந்தது. ஆசைப்பட்டுக் கேட்டவருக்குக் கடமையும் தெரிய வேண்டுமல்லவா? 40 கிராம் நிறையுள்ள பல்லியில் ஒரு கிராம் கூடுவதும் நல்ல செய்திதான். வால் பழையபடி தடிப்பதற்கு மாதங்கள் செல்லும். தின்று கொண்டிருந்தும் நிறை இறங்குமாயின் தாமதியாமல் மீண்டும் வைத்தியரிடம் செல்லுங்கள்.

வீட்டாரின் சுகமும் முக்கியம்

ஊர்வனவற்றின் மலத்தில் 'சல்மொனெல்லா' என்னும் கிருமி இருக்கலாம். பார்வைக்குச் சுகமாயுள்ள பல்லியிலும் அது இருக்கும். தொட்ட ஒவ்வொரு தடவையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். அதன் தட்டையும் தொட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் இதனைக் கையாளாதிருப்பதே நல்லது. இப்படிப்பட்டோர் உள்ள வீட்டில் இதை வாங்காமல் விடுவதே அறிவுடைமை.

பசித்த பூனை காலைச் சுற்றிக் கத்தும், கிளி கூச்சலிடும். சிறுத்தைப் பல்லியோ பசித்தாலும் வலித்தாலும் மறைவிடத்துக்குள் ஒதுங்கிச் சத்தமின்றிக் கிடக்கும். அதன் சார்பில் பேசுவது வாலும் தராசும் மாத்திரமே. பிள்ளை இதைக் கேட்டு அடம்பிடிக்கும்போதே, பதினைந்து இருபது வருடங்களுக்கு வாரந்தோறும் அந்தத் தராசைப் பார்க்க எமது வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஏற்கனவே வாங்கியிருந்தால், இன்று மாலையே அதன் வாலை ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.