கணத்துக்குள் கணம் – 14: அழுத்திய கண்ணாடி

கிரேட் நிகோபாரின் ஏழுவரி ஆமையுடைய கண்ணைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியர் பொறுத்தருள வேண்டும், கண் அடுத்த வாரம். நடுவில் கண்ணாடி பிடித்துக்கொண்டது.

இடக்கை வலக்கை போல, தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத கைரல் மூலக்கூறு வலஞ்சுழி ஒளியையும் இடஞ்சுழி ஒளியையும் சமமாக விழுங்காது என்று பார்த்தோம். மறந்தவர்கள் போன இதழைப் புரட்டுங்கள்.

வித்தியாசம் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆய்வுக்கூடக் கருவி ஒளியின் சுழியை நொடிக்குச் சுமார் 50,000 தடவை மாற்றி மாற்றிக் காட்டி அதை அளக்கும். ஒரு சுற்றுக்கு 20 மைக்ரோ நொடி. அதற்குள் பல மூலக்கூறுகள் உருமாறி முடித்துவிடும்.

1985இல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் டேவிட் கிளிகரின் குழு சுழி மாற்றும் வேலையையே விட்டுவிட்டது. உருக்கிய குவார்ட்ஸ் தகடு ஒன்றைப் பக்கவாட்டில் அழுத்தினார்கள், அவ்வளவுதான்! நேர்கோட்டில் அதிரும் ஒளி அதன் வழியே போனால் மிக ஒடுங்கிய நீள்வட்டமாக வெளிவரும். ஏறக்குறைய கோடு, ஆனால் கோடில்லை. அதைக் கைரல் மூலக்கூறுக்குள் அனுப்பினால் நீள்வட்டம் மயிரிழை பருக்கும் அல்லது மெலியும். பின்னால் குறுக்காக நிறுத்திய தளவிளைவாக்கி, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி, நீண்ட அச்சை மறைத்துவிட, குறுகிய அச்சு மட்டும் மிஞ்சும். பழைய முறையில் இந்த வேலை, கிரேட் நிகோபாரின் கேம்பல் பேயில் டீசல் ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பதுபோல இருந்தது. கிளிகர் ஜெனரேட்டரையே அணைத்துவிட்டார். தகட்டை மற்றத் திசையில் அழுத்தி இன்னொரு முறை அளந்தால், இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் விடை. இப்படித்தான், லேசர் துடிப்பால் மையோகுளோபினிலிருந்து கார்பன் மோனாக்சைடைப் பிய்த்தெறிந்துவிட்டு, அந்தப் புரதம் என்ன ஆகிறது என்று நானோ நொடிக் கணக்கில் பார்த்தார்கள்.

அழுத்தினால் கண்ணாடியின் ஒளிக்குணம் மாறும் என்பது பழைய சங்கதி. ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக இருந்தபோது, எஸ். ராமசேஷனோடு சேர்ந்து படிக ஒளியியல் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஜெர்மானிய இயற்பியல் கலைக்களஞ்சியத்தின் 25ஆம் தொகுதியில் 1961இல் வந்தது. ஒளிச்சுழற்சி, அழுத்தத்தின் விளைவு இரண்டும் அதில் உண்டு. கொலாஜனின் மூன்றிழை முறுக்கைச் சொன்ன அதே ராமச்சந்திரன்தான்.

நான் எழுதும் இந்தக் கட்டுரை ஆசிரியர் மேசைக்கு வருவதும் கண்ணாடி வழியாகத்தான். 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் சுமார் 2,300 கி.மீ. நீளம், கிரேட் நிகோபார் வரை வருகிறது. அதனுள் இருக்கும் கண்ணாடி இழையை எங்கே அழுத்தினாலும், எங்கே வளைத்தாலும், உள்ளே ஓடும் ஒளியின் தளவிளைவு, அதாவது அது அதிரும் விதம், மாறும். கேபிள்காரர்களுக்கு அது தொல்லை. கிளிகருக்கு அதுவே கருவி.

ஆமைக்கு வருகிறேன். 2021இல் சரணாலய அந்தஸ்தை இழந்த கலத்தியா விரிகுடாவில்தான் அது கரையேறி முட்டையிடுகிறது. கண்ணில் ஒளி பட்டதும் முறுக்கிக் கிடக்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறு விடுபடும். அந்த முதல் திருப்பம் சுமார் 200 ஃபெம்டோ நொடியில் முடிகிறது என்று 1991இல் பெர்க்லியில், ரெட்டினாலைத் தாங்கும் புரதமான ரொடாப்சினை மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்து அளந்தார்கள். அங்கே கிளிகரின் தகடு போதாது. என்ன செய்தார்கள் என்பது அடுத்த வாரம், இந்த முறை நிச்சயமாக.