நரம்பிலும் கணு உண்டு!

"உங்க பிள்ளை இன்னும் நடக்கலையா?" இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி நரம்புக்குள்ள இருக்கு.

கால் நரம்பு இழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் மையலின் என்ற கொழுப்புறையைத் துண்டு துண்டாகச் சுருட்டுகின்றன. உறை நீள நீள, சோடியம் வாயில்கள் அதன் ஓரங்களில் சேர்கின்றன. இரண்டு உறைகள் நெருங்கும் இடுக்கில் அவை நெருக்கமாகக் குவிந்து, கரும்பில் இருப்பதுபோல ஒரு கணு உருவாகிறது. அகலம் சுமார் 1 மைக்ரோமீட்டர்தான்! 1870-களில் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி ரான்வியரின் பெயரே இதற்கு.

மின்சைகை கணுவுக்குக் கணு தாவுவதால், உறையில்லாத இழையில் நொடிக்குச் சுமார் 1 மீட்டராக இருக்கும் வேகம், தடித்த உறையுள்ள இழையில் 100 மீட்டர்வரை போகும்.

முதல் இரண்டு வருடம் இந்த வேலை மும்முரம். மூளையின் முன்பகுதியில் இருபது வயது தாண்டியும் நடக்கும். அதனால ஒப்பிடாதீங்க, தரையில் விளையாட விடுங்க. 18 மாதமாகியும் நடக்கலைன்னா டாக்டரிடம் காட்டுங்க.