கிளையெல்லாம் கை, பொந்தெல்லாம் வாய்

ஹாலோவீன் மரம் வரையும் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பயமும் வேண்டும், பெயிண்ட்டும் வேண்டும்

அக்டோபர் கடைசி வாரம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் மேப்பிள் மரங்கள் சிவந்து பழுத்த இலைகளை ஏறக்குறைய உதிர்த்து முடித்திருக்கும். மாலை ஆறு மணி சுமாருக்கே இருட்டத் தொடங்கும். கடை வாசல்களில் பூசணிக்காய்க் குவியல். வகுப்பறைகளிலும் வீட்டுச் சாப்பாட்டு மேஜைகளிலும் ஆரஞ்சும் கறுப்புமாக பெயிண்ட் டப்பாக்கள் திறந்து கிடக்கும். 31ஆம் தேதி ஹாலோவீன். பிள்ளைகள் பேய், சூனியக்காரி வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் இரவு. அதற்குள் முடித்தாக வேண்டிய வேலைகளில் ஒன்று, பயங்கரமாக ஒரு மரம் வரைவது.

இலையில்லாத மரம், முறுக்கிக்கொண்ட கிளைகள், பின்னால் முழு நிலா. கேட்க எளிதுதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை மரம் வரையச் சொன்னால் இரண்டு கோடுகளும் அவற்றின் மேல் ஒரு பச்சை உருண்டையும்தான் வரும். குச்சி மிட்டாய் மாதிரி. அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளை யோசித்திருக்காது. யோசிக்க அவசியமும் இல்லை, இலைகள்தான் மூடியிருக்கின்றனவே! ஹாலோவீன் மரத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. மரம் தன் எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் நிலா. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே அழுத்தித் தீட்ட வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. "ஒண்ணுமே இல்லையே" என்று பிள்ளை முனகும். பிறகு தாளை ஈரமாக்கி வட்டத்தைச் சுற்றி மஞ்சள், அதற்கு வெளியே ஆரஞ்சு, ஓரங்களில் கத்தரிப்பூ நிறம் என்று தண்ணீர் வண்ணத்தைப் பூசினால், மெழுகு தண்ணீரை ஏற்காததால் நிலா தானாக எழுந்து வரும். இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கூச்சல் கேட்கும். அதன் பிறகு காயும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சோதனையான நேரம் அதுதான்.

அடுத்தது கறுப்பு. அடிமரம் ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போல இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி ஒரு 'ஒய்'. இப்படியே போகலாம், தாள் தீரும்வரை. இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி, மரம் வரைவது பற்றி மட்டுமே 1978இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். பிரிந்து போகும் கிளை, அது கிளம்பிய கிளையைவிட எப்போதும் மெலிந்தே இருக்கும் என்பதுதான் அதில் அவர் பிடித்துக்கொள்ளும் விதி. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே லியோனார்டோ டாவின்சி தன் குறிப்பேட்டில் ஒரு கணக்கு எழுதி வைத்தார்: எந்த உயரத்திலும் எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் கட்டினால் அடிமரத்தின் பருமன் வரும். பிள்ளைகளிடம் டாவின்சி பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 'மேலே போகப் போக ஒல்லி' என்றால் போதும்.

தூரிகை படியாத கைகளுக்கு வேறு வழியும் உண்டு. தாளில் நீர்த்த கறுப்பு மையை ஒரு சொட்டு விட்டு, உறிஞ்சு குழலால் ஊதினால் அது கோணல்மாணலாக ஓடிக் கிளைவிடும். "எனக்கு வரைய வராது" என்று ஒதுங்கும் பிள்ளைகள்கூட இதில் மூச்சிரைக்க ஊதுவார்கள். இதைவிடச் சுவாரசியமானது கை மரம். முழங்கை வரை தாளில் வைத்து, விரல்களை விரித்து, சுற்றிலும் கோடு இழுத்தால் முன்கை அடிமரமாகும், விரல்கள் கிளைகளாகும். நடுவில் ஒரு பொந்து போட்டால் அது வாய். பயமுறுத்தும் மரம், வரைந்தவரின் சொந்தக் கை!

கிளைக்கும் கைக்கும் உள்ள இந்த உறவு சினிமாவுக்கும் தெரியும். வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' (1937) படத்தில் இளவரசி காட்டுக்குள் ஓடும்போது கிளைகள் கைகளாகி அவளைப் பிடிக்க வரும். மரங்களுக்குக் கண்ணும் வாயும் முளைக்கும். அழுது முடித்ததும் பார்த்தால், அவளைச் சுற்றி நிற்பவை மானும் முயலும்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் ஹாலோவீன் மரத்துக்கு ஒரு பெயரும் முகவரியும் வாங்கிக்கொடுத்தவர் எழுத்தாளர் ரே பிராட்பரி. நான்கு பெண்களின் தகப்பன். 1966 அக்டோபரில் அமெரிக்க டிவியில் சார்லி பிரவுன் கார்ட்டூன் ஒன்று வந்தது. அதில் ஒரு சிறுவன் ஹாலோவீன் இரவு முழுக்கத் தோட்டத்தில் உட்கார்ந்து 'மகா பூசணி'க்காகக் காத்திருக்கிறான். பூசணி கடைசிவரை வரவே இல்லை. பிராட்பரி வீட்டில் கொந்தளிப்பு. பிள்ளைகள் டிவி பெட்டியை உதைத்தார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்வதுண்டு. பயந்ததால் அல்ல, பயமுறுத்த வேண்டியது வராமல் போனதால்.

கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸிடம் இதைச் சொல்லி அங்கலாய்த்தபோது, தான் முன்பே தீட்டி வைத்திருந்த மர ஓவியத்தை பிராட்பரி எடுத்துக் காட்டினார். கிளையெல்லாம் பூசணி விளக்குகள். இருவரும் சேர்ந்து படமாக்க நினைத்தார்கள். ஸ்டுடியோ தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூட, திட்டம் கிடப்பில் விழுந்தது. பிராட்பரி அதையே 1972இல் 'தி ஹாலோவீன் ட்ரீ' என்ற நாவலாக்கினார். காணாமல்போன நண்பனைத் தேடி எட்டுச் சிறுவர்கள் எகிப்து, பாரிஸ், மெக்ஸிகோ என்று காலம் கடந்து அலைகிறார்கள். அவனை மீட்க ஒவ்வொருவரும் தன் ஆயுளில் ஒரு வருடத்தைத் தருகிறார்கள். சிறுவர் கதைக்கு இது கனமான விலை. ஆனாலும் பிராட்பரி தள்ளுபடி தரவில்லை. 1993இல் அது டிவி படமாக வந்து எம்மி விருது வாங்கியது. 2007 ஹாலோவீன் அன்று கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் ஓர் ஓக் மரத்தில் பூசணி விளக்குகளைத் தொங்கவிட்டு அவர் பெயரால் அர்ப்பணித்தார்கள். 87 வயது பிராட்பரி நேரில் வந்திருந்தார். 2012இல் அவர் காலமானார்.

மேஜையருகே நிற்கும் பெரியவர்கள் பல நேரம் செய்யும் தவறு தள்ளுபடி தருவதுதான். பொந்தில் சிரிக்கும் வாயைப் போடச் சொல்வார்கள். கிளை ரொம்பக் கூர்மையாக இருக்கிறதே என்று இழுப்பார்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே அளவு பயத்தைத் தாங்காது என்பது உண்மைதான். நான்கு வயதுக்கு ஒரு ஆந்தை போதும். ஒன்பது வயது, தூக்கில் எலும்புக்கூட்டையே மாட்டும். ஆனால் அளவு எவ்வளவு என்பது பெயிண்ட் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். பயம் அதிகமாகிவிட்டால் பிள்ளையே மரத்தடியில் ஒரு வீடு போட்டு ஜன்னலில் மஞ்சள் விளக்கேற்றும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காய்ந்த படத்தைத் தெரு பார்த்த ஜன்னலில் ஒட்டுவது வழக்கம். படுக்கையறையில் மாட்டச் சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கும் நேரத்தில் "சுவர்ப் பக்கமாத் திருப்பி வையேன்" என்று அம்மாவைக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவர்களே அதைத் திருப்பி வைப்பார்கள்.