சல்லிக்கல் வியாபாரம்: அளவில் கவனம் தேவை

வீடு கட்டுபவர்கள் சீமெந்தின் விலையைப் பல கடைகளில் விசாரிப்பார்கள். கம்பியின் தரத்தையும் பார்ப்பார்கள். கருங்கல் சல்லியை மட்டும் "ஒரு லோட் அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். 1:2:4 என்ற கலவையில் ஏழு பங்கில் நான்கு பங்கு சல்லிதான் என்பதைப் பலரும் நினைப்பதில்லை. எனவே இதனை விற்கும் வியாபாரிகள் சில விடயங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

நமது நாட்டில் சல்லி கியூப் கணக்கில் விற்கப்படுகின்றது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. லொறிப் பெட்டியின் நீளம், அகலம், கல் நிற்கும் உயரம் ஆகியவற்றை அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் கியூப் கிடைக்கும். 10 அடி நீளம், 6 அடி அகலமான பெட்டியில் இரண்டரை அடி உயரத்திற்குக் கல் இருந்தால் அது ஒன்றரை கியூப். அந்த உயரத்தில் 3 அங்குலம் குறைந்தால் 15 கன அடி குறையும். அதாவது பத்தில் ஒரு பங்கு. பத்து லோட் எடுத்தால் ஒரு லோட் கைவிட்டுப் போகின்றது.

கல்லுடைக்கும் ஆலையில் நிரப்பிய சல்லி, வழியில் குலுங்கிப் படியும். ஆலையில் அளந்து வாங்கி, வளவில் அளந்து கொடுத்தால் இடையில் ஏற்படும் குறைவு வியாபாரியையே சேரும். ஆகவே எந்த இடத்து அளவு என்பதை முன்கூட்டியே இரு தரப்புடனும் பேசிக்கொள்வது நல்லது.

தரத்தையும் கவனிக்க வேண்டும். சிலெப், தூண் வேலைக்கு முக்கால் அங்குலச் சல்லி பொருத்தமானது. தட்டையான, நீண்ட கற்கள் அதிகமானால் கொங்கிறீட்டில் இடைவெளி விழும். கல்லில் தூள் படிந்திருந்தால் சீமெந்து சரியாகப் பிடிக்காது. கல்தூளை வீசத் தேவையில்லை. சீமெந்துக் கல் அறுப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் அதனை நிறுத்து வாங்குவோர் ஈரத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்கும் பணம் கொடுக்க நேரிடும்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, கல் உடைப்பதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவசியம். அனுமதியில்லாத இடத்துக் கல் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் லொறி பிடிபட்டால் இலாபத்தோடு முதலும் போய்விடும்.

போட்டி காரணமாக விலையைக் குறைத்துவிட்டு, அந்த நட்டத்தை அளவில் ஈடுசெய்பவர்களும் உண்டு. தமக்கு நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் குறைத்துக் கொடுப்போரைக் கண்டித்து அல்குர்ஆனில் ஒரு சூராவே அருளப்பட்டிருக்கின்றது. விலை கொஞ்சம் கூடினாலும் அளவு சரியாக இருந்தால் மேசன்மாரே அடுத்த வாடிக்கையாளரை அழைத்து வருவார்கள். வியாபாரத்தில் பரகத் என்பதும் அதுதான்.