மௌஸின் பொத்தான் தேய்ந்துவிட்டால்

ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகக் கணனி எடுத்துக்கொள்ளும். சில வேளை எத்தனை தரம் அழுத்தியும் அசைவே இராது. பிள்ளைகளின் படிப்புக்கும், காணி, இழப்பீடு பற்றிய விண்ணப்பங்களுக்கும் எம்மவர் பலர் நம்பியிருப்பது யாரோ பாவித்துக் கொடுத்த பழைய கணனியையே. 2008இல் உழவு இயந்திரத்தையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் போட்டது போட்டபடி விட்டு அடம்பனிலிருந்து வெளியேறி, திரும்பிவந்து வெறுங்கையோடு தொடங்கிய குடும்பங்கள் இவை. புதியதை வாங்குங்கள் என்பது கடைக்காரருக்கு இலகு. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது இறக்குமதிச் சாமான்களின் விலை என்னவானது என்பதை நாம் அறிவோம்.

பொத்தான் என்று நாம் அழுத்துவது வெறும் பிளாஸ்ரிக் மூடிதான். அதன் கீழே சிறு கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. 1932இல் அமெரிக்காவின் ஃபிறீபோர்ட் நகரில் பீற்றர் மக்கால் ஆக்கிய நுண் ஆளியின் வாரிசு அது. உள்ளே மெல்லிய உலோகத் தகடொன்று வில்லாக வளைந்து நிற்கும். மேலிருக்கும் குமிழை அழுத்தியதும் 'டிக்' என்று தாவி மறுமுனையைத் தொடும். இலட்சக்கணக்கான தடவை தாவியபின் தகடு களைத்துவிடும். தொடும் முனையில் களிம்பும் படியும். அப்போது தொடுகை நிலையாக நில்லாது துள்ளும். அந்தத் துள்ளலையே கணனி இரண்டாவது அழுத்தல் என்று எண்ணிக்கொள்கிறது.

முதலில் செலவில்லாத சோதனை. கணனியின் அமைப்புகளில் இடக்கைப் பாவனைக்கு மாற்றுங்கள். வலப் பொத்தான் ஒழுங்காக வேலை செய்தால் பழுது இடப்புற ஆளியில்தான். அவசரமானால் அப்படியே சில மாதம் ஓட்டலாம்.

திறப்பதானால் வயரைக் கழற்றுங்கள். வயரில்லாதது என்றால் பற்றறியை எடுங்கள். திருகாணிகள் பெரும்பாலும் அடியிலுள்ள வழுக்குப் பட்டைகளுக்கோ லேபலுக்கோ கீழே ஒளிந்திருக்கும். மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். ஆளியின் குமிழ் இடித்து இடித்துப் பிளாஸ்ரிக்கில் குழி விழுந்திருந்தால், பழைய தொலைபேசி அட்டையில் சிறு துண்டு வெட்டி அங்கே ஒட்டினால் போதும். தடிப்புக் கூடினால் பொத்தான் அழுத்தியபடியே நிற்கும்; மெல்லியதாகத் தொடங்குங்கள்.

குழி இல்லையெனில் ஆளியை மாற்ற வேண்டும். கைவிட்ட இன்னொரு மௌஸின் வலப் பொத்தான் ஆளி நல்லது, அது குறைவாகவே உழைத்திருக்கும். சில்லுக்குக் கீழுள்ளது பெரும்பாலும் வேறு வடிவம், பொருந்தாது. மூன்று கால்களிலும் ஈயத்தை உருக்கிக் கழற்றி, புதியதைப் பழையது நின்ற பக்கமாகவே வையுங்கள். குமிழ் நடுவில் இல்லை, ஒரு முனைக்கு ஒதுங்கியிருக்கும். திருப்பி வைத்தால் மூடி அதைத் தொடாது. வானொலி திருத்துபவருக்கு இது கால் மணி நேர வேலை.

ஆளியையே திறந்து தகட்டை நிமிர்த்தலாம் என்பாரும் உளர். கடுகளவுக் குமிழ் நிலத்தில் விழுந்தால் தேடிப் பிடிப்பது கடினம். முதற்தடவை செய்வோருக்கு நாம் இதைச் சொல்லமாட்டோம். பொருளாதாரத் தடைக் காலத்துப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் விடவும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டித் தொடுகையையே மறைத்துவிடும்.

ஈயம் உருக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், சிறுபிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.