இல்லாத கால் ஏன் வலிக்கிறது?

இனிப்பு நீர் முற்றிக் காலை இழந்தவர் நம் உறவிலோ அண்டை வீட்டிலோ ஒருவராவது இருப்பார். தோட்டங்களை விட்டு பத்து காஜா வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு இது புதிய செய்தியல்ல. அவர்களிடம் சற்று உட்கார்ந்து பேசினால், சிலர் வியப்பான ஒன்றைச் சொல்வார்கள்: "எடுத்த காலோட பெருவிரல் ராத்திரியில அரிக்குது. சொறியத்தான் கால் இல்ல." வயதாகிவிட்டதால் உளறுகிறார் என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் அது உளறல் அல்ல. நரம்பு மண்டலம் செய்யும் வேலை.

பாதத்தில் முள் குத்தினால், அங்குள்ள நரம்பு முனை அதை மின்துடிப்பாக மாற்றுகிறது. சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்பணுவின் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் செல்வதால் பிறக்கும் மின்சாரம் இது. அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். வேகமான நரம்பிழைகளிலோ அது வினாடிக்கு 100 மீட்டர் வரை பாய்ந்து, தண்டுவடம் வழியாக மூளையை அடைகிறது. மூளையின் மேற்பரப்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி இடம் உண்டு. காலை எடுத்துவிட்டாலும் மூளையில் அதற்குரிய இடம் அப்படியே இருக்கிறது.

இந்தப் புதிரை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன். பின்னாளில் இவர் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கையை இழந்த ஒருவரின் கன்னத்தை இவர் மெல்ல வருடியபோது, இல்லாத விரல்களையும் தொடுவதாக அவர் உணர்ந்தார். மூளையில் கைக்கும் முகத்துக்கும் உரிய இடங்கள் அடுத்தடுத்து உள்ளன. காலியான இடத்துக்குள் பக்கத்து இடத்தின் செய்தி நுழைகிறது என்பது இராமச்சந்திரனின் விளக்கம்.

1990களில் இவர் செய்த சிகிச்சைக் கருவி ஒரு சாதாரண கண்ணாடிப் பெட்டி. நல்ல கையைக் கண்ணாடி முன் அசைத்தால், இழந்த கை அசைவதாக மூளை நம்பும். சிலருக்கு வலி குறையும். 2007இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், காலை இழந்த வீரர்களிடம் நடந்த ஆய்விலும் கண்ணாடிப் பயிற்சி வலியைக் குறைத்தது.

உறுப்பு போனாலும் நரம்பு ஓய்வதில்லை என்ற இந்த உண்மைதான் இன்றைய தொழில்நுட்பத்துக்கும் வழி திறந்தது. சிக்காகோவில் டாக்டர் டாட் குய்க்கன் குழுவினர், கையை இழந்தவரின் நரம்புகளை மார்புத் தசையோடு இணைத்தனர். கையை மடக்க நினைத்தால் மார்புத் தசை துடிக்கும். தோலின் மேல் வைத்த மின்முனைகள் அந்தத் துடிப்பைப் படித்து, செயற்கைக் கையை இயக்கும். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனத்தின் சில்லு முதன்முறையாக ஒரு மனிதரின் மூளையில் பொருத்தப்பட்டது. கை கால் செயலிழந்த அவர், நினைத்தே கணினித் திரையின் சுட்டியை நகர்த்தினார்.

ஆனால் இக்கருவிகள் எதுவும் உயிருள்ள நரம்பணுக்கள் இன்றி இயங்காது. அந்த நரம்பைத்தான் இனிப்பு நீர் ஓசையின்றி அழிக்கிறது. மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால் பாதம் முதலில் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது. புண் ஆழமான பிறகே கண்ணில் படும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடமே இது மிக அதிகம்.

இதைக் கண்டறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இளையோரே, அடுத்த முறை தாத்தா பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்போது, இரத்தத்தில் சர்க்கரை அளவை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பாதத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். இன்றிரவே அவர்களின் உள்ளங்காலை ஒருமுறை நீங்களே பாருங்கள்.