ஸாஉ: அளவா, எடையா?

நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் ஏழைகளிடம் சேர்த்துவிட வேண்டிய ஃபித்ரா தர்மத்தை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. ஆளொன்றுக்கு இத்தனை கிலோ என்று பள்ளிவாசல் பலகையில் எழுதிவைக்கிறார்கள். நாமும் கடையில் நிறுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கிலோக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அன்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்தது எடையன்று, அளவு. பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ என்பதே அவர்களின் கட்டளை. ஸாஉ என்பது மதீனத்து முகத்தலளவை. நான்கு முத்து கொண்டது ஒரு ஸாஉ. நடுத்தர உடற்கட்டுடைய ஒருவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் தானியமே ஒரு முத்து. அளவைக்கு மதீனாவாசிகளின் அளவையும் நிறைக்கு மக்காவாசிகளின் நிறையுமே ஆதாரம் எனும் கருத்தில் நபிமொழியொன்று அபூதாவூதில் உள்ளது. மதீனா பயிர்த்தொழில் நகரம். மக்கா வணிகர் நகரம். முன்னவர்க்கு மரக்கால் பழக்கம்; பின்னவர்க்குத் தராசு.

பிற்காலத்தில் இவ்வளவை நிறையாக மாற்றியபோதுதான் கருத்து வேறுபாடு எழுந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஸாஉவுக்கு எட்டு ராத்தல் என்றார்கள். அவர்களின் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) மதீனா சென்று இதுபற்றி விசாரித்தபோது, முஹாஜிர்கள், அன்ஸாரிகளின் வழித்தோன்றல்கள் தத்தம் தந்தையர் வழிவந்த ஸாஉக்களை மேலாடைக்குள் ஏந்திவந்து காட்டினார்களாம். அளந்து பார்த்ததில் ஏறத்தாழ ஐந்தேகால் ராத்தலுக்குச் சற்றுக் கூடுதலாகவே, அதாவது ஐந்தும் மூன்றிலொன்றும் என்றே தேறியது. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கும் இதுவே. (நம் பாட்டனார்கள் சொன்ன 'ராத்தல்' இவ்வரபுச் சொல்லின் வழிவந்ததே. ஆயினும் ஆங்கிலேயர் ராத்தல் 453 கிராம். பக்தாது ராத்தலோ சுமார் 408 கிராம். பெயர் ஒன்றென்று மயங்கிவிட வேண்டாம்.)

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைச் சுட்டுகிறார்கள்: ஒரே ஸாஉவில் கொண்டைக்கடலையை நிரப்பினால் ஒரு நிறை, சோளத்தை நிரப்பினால் வேறு நிறை. ஆகவே கலனின் அளவே மூலம். நிறை அதற்கு நெருங்கிய கணக்கு மட்டுமே. ஹனஃபீ அறிஞர்களும் இதை உணர்ந்தே, 1040 திர்ஹம் எடையுள்ள மாஷ் பயறோ மைசூர்ப் பருப்போ கொள்ளும் கலனே ஸாஉ என்று எழுதினார்கள். இவ்விரண்டும் ஒரே சீரான மணிகளாதலால் அளவுக்கும் நிறைக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். இக்கால நூல்கள் பலவற்றில் ஸாஉ 2.75 லிட்டர், அல்லது 2175 கிராம் என்று காணப்படுகிறது. அந்த 2175 கிராம் கோதுமையின் நிறை! நாம் கொடுப்பதோ அரிசி. ஒரு லிட்டர் அரிசி, ரகத்துக்கேற்ப, 800 முதல் 850 கிராம் வரை நிற்கும். 850 கிராம் அரிசியானால் 2.75 லிட்டருக்கு 2340 கிராம் வேண்டும். கோதுமைக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பவர் ஏழையின் பங்கில் ஒரு பிடிக்கும் கூடுதலாகக் குறைத்துவிடுகிறார், அதுவும் தம்மையறியாமலே. கேரளத்து ஷாஃபிஈ அறிஞர்களோ ஸாஉவை 3.2 லிட்டராகவே கொள்வர். பேணுதலுக்கு அதுவே ஏற்றதென்பது என் எண்ணம்.

ஹனஃபீகளுக்கு வழி வேறு. நபிமொழியில் பெயர் கூறப்படாத அரிசியை அவர்கள் அளந்து கணக்கிடுவதில்லை. அரை ஸாஉ கோதுமையின் கிரயத்துக்கு ஈடாகக் கொடுப்பர்.

ஷாஃபிஈ அன்பர்கள் ஒருமுறை இப்படிச் செய்து பார்க்கலாம். முத்திரையிட்ட லிட்டர் படியை எடுத்து, வீட்டில் உண்ணும் அரிசியைக் குலுக்காமல் நிரப்பித் தலைதட்டி, தராசில் நிறுங்கள். கிடைத்த கிராமை 3.2 ஆல் பெருக்குங்கள். அதுவே உங்கள் இல்லத்தில் ஒருவருக்கான ஃபித்ரா. அரிசி ரகம் மாறினாலன்றி மறுமுறை நிறுக்க வேண்டியதில்லை.